ஒரு லட்சத்து நாற்பத்து மூன்று

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத இளைஞனிடம், ஒரு லட்சத்து நாற்பத்து மூன்று என்பது பகா எண் என்று பத்து வயதிலேயே கையால் வகுத்து நிரூபித்தவன் நான் என்று சொல்லிக்கொண்டேன். அவன் கேட்கவில்லை. அவன் கேட்டது பாயசம், அதுவும் பரிமாறுகிறவரிடம். ஐம்பத்து நான்கு வயது ஆள், சர்க்கரை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதனாலும் வகுபடாத ஒரு எண்ணைப் பற்றி வாய் நிறையப் பெருமையடித்தால் அவனும்தான் என்ன செய்வான்? இடது கையால் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினான். அரை விநாடி ஆகியிருக்கும்.

"ஆமா அங்கிள், பிரைம்தான்," என்றான். மறுபடி பாயசம் வருகிற திசையைப் பார்த்தான்.

எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

என் வயதுக்காரர்களே, உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். ஒருவர் எப்போதோ நீந்திக் கடந்த காயலைச் சொல்வார், இன்னொருவர் கால்பந்தில் எப்போதோ அடித்த கோலைச் சொல்வார். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். தூக்கம் வராவிட்டால் நீங்கள் மாத்திரை போடுகிறீர்கள். நான் 100043-ஐ ஏழால் வகுக்கிறேன். மீதி ஆறு. நாற்பது வருடங்களுக்கு மேலாக மீதி ஆறு. இந்த வயதில் மாறாமல் இருக்கிற விஷயங்கள் குறைவு என்பதால் எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

அந்த இளைஞன் ஒன்று கேட்டிருக்கலாம்: அது யாருடைய எண் அங்கிள், எங்கிருந்து பிடித்தீர்கள்? கேட்கவில்லை. அதனால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

*

மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட குடும்பம். வீட்டுக்குள் நாங்கள் பேசியதைக் கோயம்புத்தூர் உறவுக்காரர்கள் மலையாளம் என்பார்கள், அடுத்த வீட்டுச் சேட்டத்தி தமிழ் என்பாள். நாங்கள் இரண்டு பேருக்கும் தலையாட்டுவோம். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அங்கே பகா எண்ணுக்கு அபாஜ்ய சங்க்யை என்று பெயர். தமிழ்ப் பெயர் மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது.

அப்பாவுக்குக் குறுமிளகுக் கிடங்கில் வேலை. மூட்டைகள் தராசில் ஏறும். தராசுக்காரச் சேட்டன் எடையைச் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பார். அப்பா அந்தச் சீட்டுகளைப் பார்த்துப் பெரிய நோட்டில் பெயர்த்து எழுதுவார். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் காலை வைத்தால் முதல் ஐந்து நிமிடம் நாங்கள் எல்லோரும் தும்முவோம். சட்டை, வேட்டி, காது மடல் எல்லாவற்றிலும் மிளகுத் தூள். அம்மா தும்மிக்கொண்டே சாயா கொண்டுவந்து வைப்பாள். இன்றைக்கும் எங்கேயாவது மிளகு இடித்தால் எனக்கு யாரோ வேலை முடிந்து வந்துவிட்டாற்போலத் தோன்றும்.

அப்பாவிடம் ஒரு வித்தை இருந்தது. எழுதியதை மறுபடி படித்துச் சரிபார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "கண்ணு ஏமாத்தும், ஒம்போது ஏமாத்தாது," என்பார். சீட்டில் உள்ள எண்ணின் இலக்கங்களைக் கூட்டுவார். அதில் ஒன்பது ஒன்பதாகத் தள்ளிவிட்டு மிச்சத்தை மனதில் வைப்பார். நோட்டில் எழுதியதையும் அதேபோல் கூட்டித் தள்ளுவார். இரண்டு மிச்சமும் ஒன்றானால் நோட்டு சரி. மற்ற கிடங்குகளில் இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க, மாலை முழுவதும் செய்கிற வேலையை அவர் உதட்டசைவில் முடித்துவிட்டுப் படகுத்துறையில் காற்று வாங்குவார். பஜார் ரோட்டில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் இந்த ஒன்பதுதான்.

*

எனக்கு எட்டு வயது மூத்தவள் அக்கா. அப்போது பிரீடிகிரி, இன்றைய பிளஸ் டூ மாதிரி, இரண்டாம் வருடப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள், கணக்கு குரூப். எங்கள் சந்திலிருந்து கல்லூரி வரை போன முதல் பெண் அவள்தான்.

காயலுக்கு அக்கரையில், கலூரில் ஒரு பாத்திரக்கடைக்காரர் இருந்தார். எங்கள் ஆட்கள்தான். அவருக்குத் தன் மகனுக்கு அக்காவைக் கேட்க வேண்டும் என்று தை மாதத்திலிருந்தே ஆசை. வருஷா வருஷம் அவர் கடை நாள்காட்டி எங்கள் வீட்டுக்கு வரும். அந்த வருஷம் நாள்காட்டியோடு ஒரு எவர்சில்வர் டம்ளரும் வந்தது. அப்பா அவரிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்: பெண் முதல் வகுப்பில் தேறினால் மூன்று வருஷம் பி.எஸ்ஸி. படிப்பாள், அதுவரை பேச்சே வேண்டாம். தேறாவிட்டால் ஆவணியிலேயே கல்யாணம். அக்காவுக்கும் அது தெரியும். அவள் அதைப் பற்றிப் பேசமாட்டாள். அவள் பேசியதெல்லாம் எண்களைப் பற்றி.

ஒரு எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற எண்களையெல்லாம், அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு, கூட்டினால் அதைவிட அதிகம் வந்தால் மிகை எண், குறைவாக வந்தால் குறை எண், சரியாக அதுவே வந்தால் நிறைவெண். இதை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆட்களை வைத்து.

"கலூர்க்காரர் மிகை எண். வயத்தைப் பாரு. அப்பா குறை எண்."

"அம்மா?"

"அம்மா ஆறு. ஒண்ணு, ரெண்டு, மூணு கூட்டினா ஆறு. நிறைவெண்."

"நான்?"

"நீ பூஜ்யம். எதால வகுத்தாலும் பூஜ்யம்தான் வருவே."

அதை நான் வெகுநாள் பாராட்டாக வைத்துக்கொண்டிருந்தேன்.

பகா எண்களைச் சல்லடை போட்டுப் பிரிக்கவும் அவள்தான் காட்டிக்கொடுத்தாள். இரண்டை வைத்துக்கொண்டு அதன் மடங்குகளையெல்லாம் அடி, மூன்றை வைத்துக்கொண்டு அதன் மடங்குகளை அடி, மிஞ்சுவதெல்லாம் பகா எண். ஒரு லட்சம் பக்கத்தில் உள்ள எண்ணைச் சோதிக்க முந்நூற்றுப் பதினாறுக்கு மேல் போக வேண்டாம், அதற்கு மேல் ஒரு வகுத்தி இருந்தால் அதன் ஜோடி அதற்குக் கீழேயே மாட்டியிருக்கும் என்றும் சொன்னாள். காரணம் புரியவில்லை. ஆனால் வேலை குறைகிற விஷயங்களுக்கு நான் காரணம் கேட்டதில்லை.

*

ஏப்ரலில் பாலக்காட்டுச் சித்திக்குப் பிரசவம். உதவிக்கு அக்காவை அனுப்பினார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற நேரம் நான் வழி மறித்தேன்.

"எனக்கு ஒரு பெரிய நம்பர் கொடுத்துட்டுப் போ. பகா எண்ணான்னு பாக்கணும்."

"வழி விடுடா, பஸ் போயிரும்."

"கொடுத்தாத்தான்."

அவள் ஒரு விநாடி யோசித்தாள். கைப்பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்து, நாள்காட்டியின் அன்றைய தாளில் பென்சிலால் தன் பதிவு எண்ணை எழுதினாள். "இந்தா. என் நம்பர். பகா எண்ணா இல்லியான்னு கண்டுபிடிச்சு எனக்குக் கார்டு போடு," என்றாள். சொல்லும்போது ஒரு சிரிப்பு சிரித்தாள். அது பாசம் என்று எடுத்துக்கொண்டேன். ஹால் டிக்கெட்டைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் அந்த எண்ணை அடுப்புக் கரியால் பின்கதவில் பெரிதாக எழுதினேன். 100043.

சாயங்காலம் அப்பா வந்து, எல்லோரும் தும்மி முடித்த பிறகு, கதவைக் காட்டினேன். அவர் நாள்காட்டித் தாளைப் பார்த்து உதட்டை அசைத்தார். கதவைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

"அங்கேயும் எட்டு, இங்கேயும் எட்டு. சரியாயிருக்கு."

அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "எட்டா? எட்டு சனியாக்கும். பரீட்சைக்குப் போயும் போயும் எட்டா கொடுத்தானுக?"

"நீ சும்மா இரி. கணக்குல சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை."

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதில் வெந்தயத்தை மடித்துப் பரணில் போட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்காவின் எண் என்றால் பின்கதவில் இருந்ததுதான்.

*

அப்பா கொண்டுவந்த பழைய எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் சல்லடை போட்டேன். முந்நூற்றுப் பதினாறுக்குள் அறுபத்தைந்து பகா எண்கள் வந்தன. முதல் நாளே இரண்டு, மூன்று, ஐந்து மூன்றையும் பார்வையிலேயே தீர்த்துவிட்டேன். ஒற்றைப்படை, அதனால் இரண்டால் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் எட்டு, மூன்றால் போகாது. கடைசியில் ஐந்தோ பூஜ்யமோ இல்லை. உடனே ஒரு கார்டு வாங்கிப் பாலக்காட்டுக்கு எழுதினேன்: "அக்கா, இரண்டால் போகவில்லை. மூன்றால் போகவில்லை. ஐந்தால் போகவில்லை. மற்றவை பின்னர்." எண்ணை எழுத வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டாள். கார்டு திறந்து கிடக்கும், ஊர்க் கண்ணெல்லாம் அதில் படும், ஏற்கெனவே எட்டு.

மிச்சம் அறுபத்திரண்டு. ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்று அப்பா கட்டுப்பாடு வைத்தார். மூட்டைகளுக்குப் பிறகு சரிபார்க்க அவருக்கு ஒன்றுக்குத்தான் தெம்பு இருந்தது. நான் வகுத்து வைத்திருப்பேன். அவர் வகுத்தியில் ஒன்பதைத் தள்ளி, ஈவில் ஒன்பதைத் தள்ளி, பெருக்கி, மீதியைச் சேர்த்து, எட்டு வருகிறதா என்று பார்ப்பார். வரும். "சரி," என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பகல் முழுவதும் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்பாவும் நானும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது.

இப்படியாக அந்தக் கோடை போனது. மற்ற பையன்கள் படகுத்துறையிலிருந்து தண்ணீரில் குதித்தார்கள். இஞ்சி காயப்போட்ட முற்றங்களில் ஆடுகள் புகுந்து அடி வாங்கின. நான் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வகுத்தேன். நாலைந்து நாளில் அம்மா அரிசி களையும்போது தன்னையறியாமல் "லட்சத்து நாப்பத்து மூணு" என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். அடுத்த வீட்டுச் சேட்டத்தியின் கைக்குழந்தை அழுதால் அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு "லட்சத்தி நாப்பத்தி மூணே" என்று தாலாட்டினாள். 101-ஐ வகுக்கிற அன்று எனக்குக் காய்ச்சல். படுத்துக்கொண்டே வகுத்தேன். மீதி ஐம்பத்து மூன்று.

நான்கு நாளைக்கு ஒரு கார்டு போட்டேன். "ஏழால் போகவில்லை." "பதினொன்றால் போகவில்லை." தபால்காரச் சேட்டன் கார்டை வாங்கினதும் படித்துவிடுவார். அதில் அவருக்கு ஒளிவுமறைவு கிடையாது.

"எந்தா மோனே, இன்னும் போயில்லே?"

"இல்லை."

"பாவம். எவிடே போவானுள்ளதா அது?"

அக்காவிடமிருந்து இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. கடைசி வரியில் என்னைப் பற்றி: "தம்பியை நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள். கணக்கெல்லாம் மெல்ல வரும்." பொறாமை என்று நினைத்தேன்.

ஜூன் தொடக்கத்தில் 313 வந்தது. ஈவு 319, மீதி 196. அப்பா ஒன்பதைத் தள்ளினார். "சரி." நான் வீடு முழுக்க ஓடினேன்.

"அபாஜ்யம்! அக்கா நம்பர் அபாஜ்யம்!"

அம்மா கரண்டியோடு வந்தாள். "அபாஜ்யமா? கேக்கவே நல்லால்லையே. நல்லதா கெட்டதா?"

"எதாலயும் வகுக்க முடியாது. யாராலயும் பங்கு போட முடியாது."

"அப்போ தனியாவேதான் இருக்குமோ?"

"ஆமா!"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா, "அட, நம்பர்தானேடீ," என்றார். ஆனால் அவர் முகமும் அவ்வளவு நன்றாக இல்லை.

*

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. அப்போதெல்லாம் தேறியவர்களின் பதிவு எண்களைச் செய்தித்தாளில் எறும்புச் சாரி போல அச்சடிப்பார்கள். முதல் வகுப்பு தனியாக, இரண்டாம் வகுப்பு தனியாக, மற்றவை கீழே. பாலக்காட்டுப் பதிப்பில் அந்தப் பக்கத்துக் கல்லூரிகள்தான் இருக்கும். எங்கள் பக்கத்து முடிவைப் பார்த்து அக்காவுக்குத் தந்தி கொடுக்க வேண்டியது அப்பாவின் பொறுப்பு. எண்ணைத் தேட வேண்டியது என் பொறுப்பு. வீட்டில் அந்த எண்ணுக்கு என்னைவிட உரிமையுள்ளவர் யார்?

முதல் வகுப்பில் விரலை ஓட்டினேன். 100031, 100034, 100040, அடுத்தது 100052. இல்லை.

"ஒருக்கா கூடப் பாரு," என்றார் அப்பா.

மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் என் விரல் அந்த நான்கு எண்கள் மேலும் ஊர்ந்து போனது. இரண்டாம் வகுப்பில் இல்லை. கீழே இருந்த கூட்டத்திலும் இல்லை. அப்பா வாங்கிப் பார்த்தார். அடுத்த வீட்டுச் சேட்டத்தி, எண்ணைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல், எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ," என்றாள். அவ்வளவு பேர் பார்த்தோம். ஹால் டிக்கெட்டை யாரும் நினைக்கவில்லை. எதற்கு நினைக்க வேண்டும்? அந்தச் சந்துக்கே எண் மனப்பாடம்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

"எங்கே?" என்றாள் அம்மா.

"கலூருக்கு."

"அவ வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"ஊரெல்லாம் தெரிஞ்ச பிறகு போனா, தோத்த பொண்ணுன்னு அவங்க ஒரு படி கீழே இறக்கிப் பேசுவாங்க. இன்னைக்கே போனா நம்மளா போன மாதிரி இருக்கும்."

இன்று நான் அன்றைய அப்பாவைவிட வயதானவன். அன்றைக்கு அவர் செய்ததை நினைத்தால் கோபம் வருவதில்லை, ஓர் அலுப்புதான் வருகிறது. மகளுக்காகப் பயந்த ஒரு மனிதர், பயந்து பயந்து மிகச் சரியான வேகத்தில் தப்பான காரியத்தைச் செய்தார். போகிற வழியில் "உடனே புறப்படு" என்று அக்காவுக்குத் தந்தி கொடுத்தார். படகேறிப் போய், பஸ் பிடித்து, இருட்டுவதற்குள் திரும்பினார். சட்டைப் பையில் வெற்றிலைக் காம்பு தெரிந்தது.

"மாத்தியாச்சு," என்றார். எங்கள் ஆட்களிடம் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் அது கல்யாணத்தில் பாதி.

மறுநாள் சாயங்காலம் அக்கா வந்தாள். அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அக்கா அழவில்லை. பையைக்கூட இறக்கவில்லை.

"நம்பர் பாத்தது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்கதவைக் காட்டினேன்.

அவள் கதவருகே போய் நின்றாள். கைப்பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செய்தித்தாளைக் கேட்டாள். முதல் வகுப்பில் ஓரிடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

"என் நம்பர் முப்பத்து நாலுப்பா. நாப்பத்து மூணு இல்லை."

100034. ஒரு லட்சத்து முப்பத்து நான்கு. நான் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தேன். அக்கா கொடுத்தது ஓர் இரட்டைப்படை எண். இரண்டால் போகும். ஒரு விநாடி வேலை.

அப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்தார். சாயா டம்ளர் வைத்த இடத்தில் வட்டமாக ஈரம் இருந்தது. அதில் விரலைத் தொட்டுத் தரையில் எழுதிக் கூட்டினார். "ஒண்ணும் மூணும் நாலும் எட்டு. ஒண்ணும் நாலும் மூணும்… எட்டு." காய்வதற்குள் மறுபடி எழுதினார். "சரியாத்தானே வருது," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்பது பஜார் ரோட்டில் அத்தனை வருஷம் அவருக்குத் தட்டுப்படாமலே போயிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன் எட்டு வேண்டாம்னு," என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா மறுபடி கலூருக்குப் போனார், பேச்சைத் திரும்ப வாங்க. பாத்திரக்கடைக்காரர் எழுந்து வந்து கட்டிக்கொண்டாராம். "ஃபர்ஸ்ட் கிளாஸா! அது நம்ம பாக்கியமில்லையா! படிச்ச மருமகள்!" என்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சாயா வாங்கிக் கொடுத்தாராம். அப்பாவும் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே, ஒரு புதிய பித்தளைக் குடத்தோடு திரும்பினார். அதைக் கூடத்தில் வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"விடுங்கப்பா. மாத்தினா மாத்தினதுதான். பின்னே என்ன?" என்றாள் அக்கா. குடத்தை எடுத்துப்போய்க் குழாயில் வெள்ளம் பிடித்து வைத்தாள்.

ஆவணியில் கல்யாணம். அதற்குப் பிறகு அப்பா ஒன்பதைத் தள்ளவில்லை. மற்றவர்களைப் போலத் தராசுக்காரச் சேட்டனை உட்கார வைத்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க, ஓய்வு பெறுகிற வரை தாமதமாகவே வீட்டுக்கு வந்தார்.

*

100043 யாருடைய எண் என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் கேட்டேன். இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். ஆகவே அது அக்காவுக்கு ஒன்பது இடம் பின்னால், அதே பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பெண். வைப்பின் தீவிலிருந்து படகில் வந்து படித்தவளாம். அந்த வருஷம் தோற்றுப்போனாள். அவளுடைய தோல்வியைத்தான் நான் இரண்டு மாதம் கதவில் எழுதி வைத்துப் பூஜை செய்திருக்கிறேன். "செப்டம்பர்ல எழுதிப் பாஸாயிட்டா," என்றாள் அக்கா. "நர்ஸிங் படிச்சு வெளிநாடு போனா. வைப்பின்ல ரெண்டு மாடி வீடு."

அக்கா கலூரில் முப்பது வருஷம் பாத்திரக்கடை பார்த்தாள். கணவர் நல்லவர். அவரைப் பற்றி எழுத எதுவும் கிடைக்காத அளவுக்கு நல்லவர். இப்போது மகனோடு, வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் சாலையோரம் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். அறுபத்திரண்டு வயது. சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து, லாரிகளில் போகிற பெட்டிகளின் ஆறிலக்க எண்களைப் படித்து வகைபிரிப்பதுதான் பொழுதுபோக்கு. இது மூன்றால் போகும், இது மிகை எண், இது பகா எண்ணாக இருக்கலாம், லாரி வளைவில் திரும்புவதற்குள் சொல்ல முடியவில்லை.

கல்யாணப் பந்தி முடிந்த மறுவாரம் அங்கே போயிருந்தேன். பெட்டி எண்களின் கடைசியில் கட்டம் போட்டு ஏழாவதாக ஓர் இலக்கம் இருப்பதைக் காட்டினாள். "அது எதுக்குத் தெரியுமோ? எழுதறவன் ரெண்டு இலக்கத்தை இடம் மாத்திட்டா அது ஒத்துப்போகாம காட்டிக்கொடுத்திரும். உள்ளே போறது பிளாஸ்டிக் பக்கெட்டா இருக்கும். அதுக்கு இவ்வளவு கரிசனம்." சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சாயா டம்ளரைக் கீழே வைத்தேன்.

நாற்பத்து நான்கு வருடங்களாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு நான் மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தா நீ இன்னிக்கு…"

"முதல் கார்டுலயே எழுதியிருந்தியே," என்றாள், சாலையைப் பார்த்தபடி. "'இரண்டால் போகவில்லை'ன்னு. நான் கொடுத்தது இரட்டைப்படை நம்பர். நீ ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சு அசடு வழிவேன்னுதான் கொடுத்தேன். அப்புறம் பதினொண்ணாலயும் போகலைன்னு ஒண்ணு. அது பதினொண்ணாலயும் போகும்."

நான் நிமிர்ந்தேன். "அப்போ நம்பர் மாறியிருக்குன்னு உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமே! ஒரு வரி எழுதியிருந்தா…"

"அப்படி யாருக்குடா தோணித்து?" என்றாள் அக்கா. "உனக்கு வகுக்கத் தெரியலைன்னுதான் நினைச்சோம். உனக்குக் கணக்கு வரணும்னு சித்தி பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டுப் போய்க் கோயில்ல ஒரு வழிபாடுகூடக் கழிச்சா."